சிமி தீவுக்குப் போறீங்களா? ஒரு ராத்திரியாவது தங்குங்க

கிரீஸ்னாலே எல்லாரும் சான்டோரினிக்குத்தான் டிக்கெட் தேடுறாங்க. ரோட்ஸ் தீவு வரைக்கும் போறவங்க தயவுசெஞ்சு பக்கத்துல இருக்கிற சிமியை விட்டுட்டு வந்துடாதீங்க. துருக்கி கரைக்கு ரொம்பக் கிட்ட, 58 சதுர கிலோமீட்டர்தான், ஜனங்க சுமார் 2,600 பேர். ஏர்போர்ட் கிடையாது, ரோட்ஸ்ல இருந்து ஃபெர்ரிதான். மே, ஜூன், இல்லைன்னா செப்டம்பர்ல போங்க. ஜூலை ஆகஸ்ட்ல சுத்தி மலை இருக்கிறதால துறைமுகமே கொதிக்கும்.

நிறைய பேர் காலைல வந்து சாயங்கால போட்லயே திரும்பிடறாங்க, அப்படிப் பண்ணாதீங்க, அந்தக் கூட்டம் கிளம்பின பிறகுதான் ஊரே நிதானமா வெளிய வரும். கீழ துறைமுகம் யாலோஸ், மேல பழைய ஊர் ஹோரியோ, ரெண்டையும் இணைக்கிற கலி ஸ்ட்ராட்டாவுல சுமார் 500 படி. வெயில் தாழ்ந்ததும் ஏறுங்க, கல்லெல்லாம் தேஞ்சு வழுக்கும், அதனால நல்ல கிரிப் இருக்கிற ஷூ போடுங்க. வழி நெடுக வாசலுக்கு மேல முக்கோண முகப்பு வெச்ச வீடுங்க, சிலது கூரையே இல்லாம நிக்கும்.

இப்படி வீடு கட்ட அப்போ இவ்வளவு பணம் எங்க இருந்து வந்துச்சுன்னா, கடல் பஞ்சு, அதாவது கடலடியில வளர்ற, உடம்பு தேய்ச்சுக் குளிக்கிற ஸ்பாஞ்ச். அதை எடுக்க முங்குறவங்க ஒரு தட்டையான கனமான கல்லைக் கையில புடிச்சுக்கிட்டு, அந்த வெயிட்டுலயே சர்ருன்னு அடிக்குப் போய், மூச்சு இருக்கிற வரைக்கும் பஞ்சு அறுத்துட்டு, கயிறைப் புடிச்சு மேல வருவாங்க. 1860கள்ல டைவிங் சூட் வந்ததும் ஆழத்துல ரொம்ப நேரம் இருக்க முடிஞ்சுது, ஆனா வேகமா மேல வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டும்னு அப்ப யாருக்கும் தெரியல, எத்தனையோ இளவட்டப் பசங்க கை கால் விளங்காமப் போனாங்க, செத்தும் போனாங்க. அந்த வீடுகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைங்க. 1900ல புயலுக்கு ஆன்டிகித்தெரா தீவோரம் ஒதுங்கினதும் பஞ்சு எடுக்கப் போன சிமிக்காரங்கதான். எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ்ங்கிறவர் முங்கிப் பார்த்து, அடியில பொணமாக் கிடக்குன்னு பதறி மேல வந்தார். அதெல்லாம் பழங்காலச் சிலைங்க! உலகமே வியக்கிற அந்தப் பல்சக்கர வானியல் கருவி கிடைச்சது அங்க மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பல்லதான்.

1522ல இருந்து ஒட்டோமான் ஆட்சி, 1912ல இத்தாலி வந்துச்சு, அப்புறம் ஜெர்மன்காரங்க. 1945 மே 8ல ரோட்ஸ், சிமியெல்லாம் சேர்ந்த டோடெகனீஸ் தீவுகளை ஒப்படைச்சு அவங்க கையெழுத்துப் போட்டது இந்தத் துறைமுகத்துலதான், 1948ல முறைப்படி கிரீஸோட சேர்ந்துச்சு.

அடுத்த நாள் தெற்கே பனோர்மிட்டிஸ் மடத்துக்குப் போங்க, மாலுமிகளைக் காப்பாத்துற மிக்கேல் சம்மனசுக்கான (தேவதூதருக்கான) இடம், தோளும் முட்டியும் மூடுற மாதிரி டிரெஸ் போட்டுக்கோங்க. சாப்பிட சிமி எறால் கேளுங்க, விரல் நுனி சைஸ்தான், ஓட்டோட அப்படியே பொரிச்சுத் தருவாங்க, எலுமிச்சை பிழிஞ்சு முழுசாவே வாயில போடலாம்.

பஞ்சு வாங்கினா பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிறதை எடுக்காதீங்க, அது ப்ளீச் பண்ணினது, சீக்கிரம் பிய்ஞ்சுடும், பழுப்பு நிறம்தான் நாள்பட உழைக்கும். இப்ப கடைல இருக்கிறதுல நிறைய வெளியூர்ச் சரக்கு, எந்தக் கடல்ல எடுத்ததுன்னு கேட்டுட்டே வாங்குங்க.