காரின் திரையில் கைத்தொலைபேசி: ஒரு வயரும் இரண்டு எழுத்துகளும்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார் என்பதால், வணக்கம் சொல்கிறாள் என்றே நான்கு மாதங்களாக நினைத்திருந்தேன். ஒருநாள் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அந்தக் குரலுக்கு நேரே பிடித்தபோதுதான் விடயம் புரிந்தது: நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லையாம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்க யாரும் காசு கேட்பதில்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது?

அந்தக் காரின் திரை முழுவதும் ஜப்பானிய எழுத்து. வரைபடத்தில் ஜப்பானைத் தவிர வேறு நாடே இல்லை. வானொலி 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 உடன் முடிந்துவிடும். நம் நாட்டு எஃப்.எம். 108 வரை போகிறது. ஆகவே நான் கேட்கும் நிலையங்களில் பாதிக்கு மேல் அதில் வராது. மொழியை மாற்றித் தருகிறோம் என்று ஒரு கடையில் கேட்ட தொகைக்கு நான்கு டயரும் வாங்கியிருக்கலாம். மாற்றத் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கைத்தொலைபேசி இணைந்துவிட்டால் திரையில் ஓடுவது உங்கள் கைத்தொலைபேசிதான். அதன் மொழி எதுவோ அதுவே திரையின் மொழி.

புளூடூத்தில் பாட்டுக் கேட்பது எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

முதலில், உங்கள் காரில் அந்த வசதி இருக்கிறதா?

கைத்தொலைபேசியைக் காரின் திரையில் ஓடவைக்கும் வசதியின் பெயர், ஆண்ட்ராய்ட் கைத்தொலைபேசிக்கு ஆண்ட்ராய்ட் ஓட்டோ, ஐபோனுக்குக் கார்பிளே. இரண்டும் அறிவிக்கப்பட்ட ஆண்டு 2014. அதற்கு முந்திய கார் என்றால், யாராவது செட்டை (திரையும் வானொலியும் உள்ள பெட்டியை) மாற்றியிருந்தால் ஒழிய, தேட வேண்டாம். பிந்திய கார் எல்லாவற்றிலும் இருக்கும் என்றும் இல்லை. திரையின் முகப்பில் இந்த இரண்டில் ஒன்றின் சின்னம் மங்கலாகவாவது தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியின் கமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். வெயிலில் திரை கண்ணாடிபோல் மின்னும், ஒன்றும் வாசிக்க வராது, மாலையில் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்ட் 10 முதல் ஆண்ட்ராய்ட் ஓட்டோ கைத்தொலைபேசியின் உள்ளேயே இருக்கிறது. முகப்பில் அதன் சின்னத்தைக் காணவில்லையே என்று பதற வேண்டாம். ‘செட்டிங்ஸ்’ தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் வரும்.

வயர்

ஒரு வாரம் தலையிடி தந்தது இதுதான். செருகினேன், சார்ஜ் ஏறியது, திரையில் அசைவில்லை. கைத்தொலைபேசியை நிறுத்தித் திறந்தேன். செட்டை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன். ‘மச்சான், உன் கார் பழுது’ என்று மனைவியின் தம்பி தீர்ப்பே எழுதிவிட்டான். கடைசியில் பழுது எதிலும் இல்லை. நான் செருகியது சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்.

சாதாரண யூ.எஸ்.பி. வயருக்குள் குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவு வயர்களில் தரவுக் கம்பிகளைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கண்டுபிடிக்கும் வழி எளிது: அதே வயரால் கைத்தொலைபேசியைக் கணினியில் செருகுங்கள். கோப்புகளை மாற்றவா என்று கைத்தொலைபேசி கேட்டால் நல்ல வயர். வாய் திறக்காமல் சார்ஜ் மட்டும் ஏறினால் அதைப் படுக்கையறைக்கு அனுப்பிவிடுங்கள்.

என் விருப்பம், கைத்தொலைபேசியோடு பெட்டியில் வந்த வயர். அது தொலைந்திருந்தால் ஒரு மீட்டருக்குக் குறைவானதாக வாங்குங்கள். பின் இருக்கை வரை எட்டும் நீள வயரும், இடையில் ஒட்டுப் போடும் இணைப்பியும் வேண்டவே வேண்டாம்.

காரின் துளையையும் பாருங்கள். இரண்டு துளை இருந்தால் பெரும்பாலும் ஒன்று மட்டுமே செட்டோடு பேசும். மின்னல் அல்லது பற்றரிச் சின்னம் போட்டது சார்ஜுக்கு. செருக வேண்டியது மற்றதில்.

முதல் இணைப்பு

காரை நிறுத்தி, கியரை ‘பி’யில் வைத்து, கைத்தொலைபேசியின் பூட்டைத் திறந்துவிட்டுச் செருகுங்கள். புளூடூத்தும் இயங்கட்டும், ஆண்ட்ராய்ட் ஓட்டோவில் வயர் இருந்தாலும் அழைப்புகள் புளூடூத் வழியாகத்தான் போகின்றன. கைத்தொலைபேசி கேட்கும் அனுமதிகளுக்குச் சம்மதம் கொடுங்கள்.

இப்போது காரின் திரையும், இணைக்கவா என்று ஒரு கேள்வி கேட்கும். ஜப்பானிய செட்டில் இங்கேதான் நான் இரண்டாம் முறை விழுந்தேன். ஆம் என்பதற்கு அவர்கள் எழுதுவது இரண்டு எழுத்து. இல்லை என்பதற்கு மூன்று எழுத்து, முதல் இரண்டும் ஒரே எழுத்து. நான் அவசரத்தில் மூன்றெழுத்தைத் தொட்டுவிட்டேன். செட் அதை மறக்கவே இல்லை; அடுத்தடுத்த நாட்களில் கேள்வியே கேட்காமல் கைத்தொலைபேசியை ஒரு பென்டிரைவ்போல நடத்தியது. உங்களுக்கும் அப்படி ஆனால், செட்டின் சாதனப் பட்டியலிலிருந்து கைத்தொலைபேசியை நீக்குங்கள். கைத்தொலைபேசியிலும் ஆண்ட்ராய்ட் ஓட்டோ அமைப்புக்குள் போய்ப் பழைய காரை மறக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அழித்தால்தான் கேள்வி மறுபடி வரும். வந்ததும் இரண்டெழுத்து.

புறப்படுமுன்

கொழும்புக்குப் போகும்போது வெலிகந்தையைத் தாண்டிய பிறகும், மின்னேரியாக் காட்டுப் பக்கமும் எனக்குச் சிக்னல் போய்ப் போய் வந்தது. யானை குறுக்கே வரும் வீதியில், இரவில், வரைபடமும் உறைந்து நிற்பது நல்ல அனுபவம் அல்ல. வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஒஃப்லைன் மேப்ஸ்’ பகுதியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரை கட்டத்துக்குள் அடக்கித் தரவிறக்குங்கள். நெரிசல் விபரம் வராது, வழி வரும். போகுமிடத்தையும் நிற்கும்போதே தட்டிவிடுங்கள். கார் ஓடத் தொடங்கினால் திரையின் தட்டச்சு பூட்டிக்கொள்ளும்.

வயர் இல்லாமல் இணைப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்ட் 11 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் முடியும். எனக்குப் பிடிக்கவில்லை. வைஃபையும் வரைபடமும் சேர்ந்து ஓட, சித்திரை வெயிலில் டாஷ்போர்டில் கிடந்த கைத்தொலைபேசி தோசைக்கல்லாகிவிட்டது. களுவாஞ்சிக்குடி போய்ச் சேருமுன் சூடு தாங்காமல் தானே அணைந்தது.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், வயரில்லா இணைப்புக்கென்று ஒரு சிறு கருவி வாங்கியும் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால் அவருடைய செட்டில் வயர் மூலமான வசதியே இல்லை. அந்தக் கருவி இருக்கிற வசதியின் வயரைத்தான் நீக்கும், இல்லாததை உண்டாக்காது. வாங்குமுன் வயரோடு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: ஐபோன்காரர்கள் ‘சிரி’யை அணைத்து வைத்திருந்தால் கார்பிளே வராது. பிள்ளைகளுக்காக ‘ஸ்கிரீன் டைம்’ கட்டுப்பாடு போட்டவர்கள் அதற்குள் கார்பிளே தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் சொல்லித் தந்தவர் கல்முனை வாசகர் ஒருவர். என்னிடம் ஐபோன் இல்லை.

பின்சேர்க்கை 3: நல்ல வயரும் விட்டு விட்டு இணைந்தால் கைத்தொலைபேசியின் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் கடற்கரை மணலும் சட்டைப்பைப் பஞ்சும் இறுகிக் கிடந்தன. கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு மரப் பற்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

பின்சேர்க்கை 4: அந்தப் பெண் குரலை நிறுத்துவது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது திரையிலிருந்து வருவதில்லை. அட்டை செருகும் தனிப் பெட்டி ஒன்று இருக்கும், என் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம். அதிலுள்ள ஒலிப் பொத்தானை, குரல் அடங்கும்வரை அழுத்துங்கள். நான் அடக்கிய மறுநாளே மகள் அழுது மீட்டுவிட்டாள். எங்கள் காரில் அவள் இன்னும் தினமும் அட்டை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.