வாட்டர்லூவை மேசைக்குக் கொண்டுவருதல்: போர் விளையாட்டுக் காய்களுக்குப் பலம் குறிப்பது எப்படி?

வரலாற்றுப் போர் ஒன்றை விளையாட்டாக வடிவமைக்கும் பலரும் முதலில் செய்வது, தோற்ற தரப்பின் காய்களுக்குக் கொஞ்சம் பலம் கூட்டிச் சமன் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். களத்தில் எவ்வளவு படை இருந்ததோ அவ்வளவே காயிலும் இருக்கட்டும். சமநிலையை நேரத்திலும் வெற்றி நிபந்தனையிலும் கொண்டுவரலாம். 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போரை வைத்துப் பார்ப்போம்.

படி 1: தலைக்கணக்கு

தோற்ற பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனிடம் சுமார் 72,000 பேர், எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், அவருக்குத் துணையாகப் பிற்பகலில் வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் ஏறக்குறைய 50,000 பேர். ஆயிரம் பேருக்கு ஒரு பலப்புள்ளி என்று வையுங்கள். ஒரு காய்க்கு ஒரு டிவிஷன் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) என்றால், பெரும்பாலான காலாட்படைக் காய்களில் 4 முதல் 7 வரை எண் வரும். பீரங்கிகளுக்குத் தனிக் காய் கொடுங்கள்.

படி 2: மனவுறுதி

வெலிங்டனின் படையில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் நெதர்லாந்து, ஹனோவர், பிரன்ஸ்விக், நசாவ் படையினர், அனுபவமில்லாதவர்களும் நிறைய. இந்த வேறுபாட்டைப் பலப்புள்ளியில் கலக்காதீர்கள். 4,000 பேர் கொண்ட தேர்ந்த படைக்கு 6 என்று போட்டால், அது 6,000 பேரைப் போல இழப்பையும் தாங்கும். அது தவறு.

அதற்குப் பதிலாகத் தனி எண் கொடுங்கள். அடி வாங்கிய காய்க்கு இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை மனவுறுதி எண்ணைத் தாண்டாவிட்டால் காய் நிற்கும். எண் 9 என்றால் நிற்கும் வாய்ப்பு 83 சதவீதம், 7 என்றால் 58, 6 என்றால் 42. நெப்போலியனின் காவல்படைக்கு 9, புதிய படைக்கு 6 என்று தொடங்கலாம்.

படி 3: விகித அட்டவணையும் மேடும்

அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். தாக்குபவரின் பலத்தைக் காப்பவரின் பலத்தால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, அந்த விகிதத்துக்கான கட்டத்தில் பகடை உருட்டி மோதலின் முடிவைப் பார்ப்பது வழக்கம். அப்படியானால் 4-ஐ 7 தாக்கினால் 1:1, 8 தாக்கினால் 2:1. ஒரே ஒரு புள்ளி முடிவையே மாற்றிவிடும். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், அருகருகே நிற்கப்போகும் காய்களைக் கூட்டிப் பாருங்கள்.

மேட்டில் நிற்பவருக்குப் பலத்தை இரட்டிப்பாக்கினால் 5 என்பது 10 ஆகும். அதை 2:1-இல் தாக்க 20 புள்ளி வேண்டும். பிரெஞ்சுப் படையில் கால் பங்குக்கு மேல்! வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் மறைத்து வைத்திருந்தார். பின்சரிவில் உள்ள காயைப் பீரங்கி குறிவைக்க முடியாது என்று ஏற்கெனவே விதி வைத்திருந்தால், இரட்டிப்பும் கொடுப்பது ஒரே சாதகத்தை இரண்டு தடவை எண்ணுவதாகும். அப்போது ஒன்றரை மடங்கு போதும்.

படி 4: நேரமும் வெற்றியும்

போர் காலை 11:30 வாக்கில் தொடங்கியது. சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் இரவு 8:30 வரை 9 சுற்று. தளபதி புலோவின் பிரஷ்யப் படை 4:30 வாக்கில், அதாவது ஆறாம் சுற்றில் போரில் இறங்கியது. ஒரு பகடையை உருட்டி 1, 2 என்றால் ஐந்தாம் சுற்று, 3, 4 என்றால் ஆறு, 5, 6 என்றால் ஏழு என்று வைத்தால் இரு தரப்புக்கும் பதற்றம் இருக்கும்.

பிரஷ்யர்கள் முழுதாக வந்தபின் கணக்கு 118-க்கு 72. அதனால் எதிரியை முற்றாக அழித்தால்தான் வெற்றி என்று பிரெஞ்சுத் தரப்புக்கு விதிக்க வேண்டாம். வெலிங்டனின் அணிக்குப் பின்னால் இருந்த மோன்-சென்-ழான் சாலைச் சந்திப்பைப் பிடித்தால் முழு வெற்றி என்று வையுங்கள். வெலிங்டனின் அணிக்கு முன்னால் அவர் படையினர் காத்துநின்ற லா ஏ சாந்த் பண்ணை உண்மையில் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் விழுந்தது. ஆறாம் சுற்றுக்குள் பிடித்தால் கூடுதல் புள்ளி. அதேபோல் காக்கப்பட்ட ஊகுமோன் பண்ணை விழவே இல்லை. அதைப் பிடிப்பவருக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கலாம்.

படி 5: ஆடிப் பார்ப்பது

அதே இருவர் தரப்பை மாற்றி மாற்றி ஆடட்டும். பத்து ஆட்டத்தில் ஏழை ஒரு தரப்பே வென்றாலும் உடனே எண்களில் கை வைக்காதீர்கள். முழுச் சமநிலையுள்ள ஆட்டத்திலும் ஏதோ ஒரு தரப்பு ஏழோ அதற்கு மேலோ வெல்வது மூன்றில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். திருத்தினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள், முதலில் வெற்றிப்புள்ளியை.

அப்புறமும் சந்தேகம் இருந்தால் ஏலம் விடலாம்: பிரெஞ்சுத் தரப்பை ஆட எத்தனை வெற்றிப்புள்ளி வேண்டும் என்று இருவரும் எழுதிக் காட்டட்டும், குறைவாகக் கேட்டவர் அதைப் பெற்றுக்கொண்டு நெப்போலியனாக ஆடட்டும். பல ஜோடிகள் ஒரே எண்ணைச் சுற்றியே கேட்டால், அந்த எண்ணை விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.