வன்னியிலிருந்து கன்னியா: ஏழு கிணறு, ஏழு சூடு

வெந்நீரூற்று என்றதும் நிலம் புகையும், ஆவி சீறும் என்று எண்ணிப் போகிறவர்கள் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவில் ஏமாந்துதான் நிற்பார்கள். அங்கே இருப்பவை சுற்றிவரக் கட்டுக் கட்டிய ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். இறங்கிக் குளிக்கிற தடாகம் இல்லை, வாளியால் அள்ளி ஊற்றுகிற குளிப்புத்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் வீண்போகாது.

ஆவி இல்லாததற்குக் காரணம் இலங்கையில் எரிமலை இல்லாததே. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப்போகக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் சூடு கூடும். அந்தச் சூட்டை வாங்கிய தண்ணீர் இன்னொரு வெடிப்பால் விரைவாக மேலே வந்துவிட்டால் ஆறமுதல் ஊற்றாகிவிடும். திருகோணமலைப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாந்தோட்டை வரை நம் நாட்டு வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் ஒரு வரிசையாக இருப்பது, இரண்டு வகைப் பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லை அவ்வழியே போவதால்தான்.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியை, அதாவது ஏ29ஐப் பிடியுங்கள். ஹொரவப்பொத்தானையில் அநுராதபுரம் – திருகோணமலை வீதி, ஏ12, வந்து சேரும். அதில் கிழக்கே திரும்பினால், திருகோணமலை நகருக்கு 8 கிலோமீட்டர் அளவு முன்னரே கன்னியாச் சந்தி. அங்கிருந்து வலப்புறம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, நடக்கலாம். வவுனியாவிலிருந்து மொத்தம் 90 கிலோமீட்டர் அளவில் வரும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே நடத்துனரிடம் கன்னியாவில் இறக்கிவிடச் சொல்லிவையுங்கள். சொல்லாமல் இருந்தால் நகர் வரை போய், ஓட்டோ பிடித்துத் திரும்பி வரவேண்டியதுதான். கிளிநொச்சிக்காரர் ஏ9 வழியாகவும், முல்லைத்தீவுக்காரர் மாங்குளம் வந்து ஏ9 ஏறியும் முதலில் வவுனியாவை அடையலாம்.

வெந்நீருக்கு ஏற்ற நேரம் காலைதான். நடுப்பகல் வெயிலில் 40 பாகைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வதில் சுகம் ஒன்றும் இல்லை, தலைசுற்றுத்தான் மிச்சம். ஆனால் அதற்காக இருட்டில் வான் ஓட்டாதீர்கள். அந்த வழி யானை நடமாடும் வழி. பொழுது புலர்ந்தபின் புறப்பட்டு, பின்னேரம் பொழுதுபட முன் காட்டைத் தாண்டிவிட வேண்டும். வயதானவர்களோடு போவதானால் முதல்நாள் திருகோணமலையில் தங்கிவிட்டு வெள்ளன வருவதே சுலபம். போயா நாளும் பள்ளிக்கூட விடுமுறையும் சனம் நெரிக்கும் நாட்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஐந்து லீற்றர் பிடிக்கும் சிறிய வாளி, துவாய், மாற்றுடுப்பு, ஆளுக்கு ஒரு லீற்றர் குடிதண்ணீர், வழுக்காத அடியுள்ள செருப்பு, நுழைவுச் சீட்டுக்குச் சில்லறைக் காசு. பெரிய வாளி வேண்டாம். குனிந்து தூக்கும்போது ஈரக் கட்டில் கால் சறுக்கும். குளிக்கிற உடுப்பை உள்ளே உடுத்துக்கொண்டே போனால் உடுப்பு மாற்ற இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பெண்களுக்குப் பருத்திச் சட்டை நல்லது; நைலோன் சீலை நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு தொந்தரவு. சவர்க்காரமும் சம்பூவும் வீட்டிலேயே இருக்கட்டும். வழிகிற தண்ணீர் கிணற்றைச் சுற்றித்தான் தேங்கும்.

இனிக் குளிப்பு. ஒரு கிணற்றின் சூடு இன்னொன்றில் இல்லை. ஒன்று இளஞ்சூடு, பக்கத்திலேயே மற்றது சுருக்கென்று சுடும். ஆகவே முதலில் ஏழையும் ஒரு சுற்றுச் சோதித்துப் பாருங்கள். உள்ளங்கையை நம்பாதீர்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்குச் சூடு பாதிதான் தெரியும். அள்ளிய வாளிக்குள் முழங்கையை வையுங்கள், குழந்தைக்குத் தண்ணீர் வார்க்குமுன் பார்ப்பதுபோல. சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி, கூடியதில் முடியுங்கள். காலில் ஊற்றி, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறுங்கள், தலை கடைசி. ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று நான்கு வாளி போதும். எல்லாமாகக் கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

முடிந்த உடனே விறுக்கென்று நடக்காமல் நிழலில் பத்து நிமிடம் இருந்து தண்ணீர் குடியுங்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்கு வெந்தாலும் தெரியாது, அவர்களுக்கு வேறொருவர் சூடு பார்த்து ஊற்ற வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இளஞ்சூட்டுக் கிணற்றோடு நிற்கட்டும். புண் இருந்தால் குளிக்க வேண்டாம். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, மூக்குக்குள் ஏறவிடவோ கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய ஓர் அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மிக அரிதுதான், ஆனால் பிள்ளைகள் முகத்தில் அடித்து விளையாடுவதைத் தடுக்க இது ஒன்றே போதும்.

இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது ஐதீகம். பிதிர்க்கடன் செய்ய வந்து கண் கலங்கி நிற்பவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். பாட்டுப்பெட்டியை வானிலேயே விட்டுவிடுங்கள்.

கன்னியாவில் பழகிவிட்டு மகாஓயாவுக்குப் போகிறவர்கள்தான் சுட்டுக்கொள்கிறார்கள். செங்கலடியிலிருந்து பதுளை போகும் ஏ5 வீதியில் உள்ள அந்த ஊற்றுகளில் சூடான கிணறு 55 பாகை அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் அரை நிமிடத்தில் தோல் வெந்துவிடும். 60 என்றால் ஐந்து விநாடி. அங்கே சூடான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். முட்டை அவிக்கலாம் என்று கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல்: வெண்கரு இறுகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும்.

உண்மையிலேயே ஆவி சீறும் நிலம் பார்க்க வேண்டுமானால் கடல் கடக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தங்களிடம் போகிறவர்கள் பலர் நியூசிலாந்தின் ரொட்டோருவாவையும் ஒரு எட்டுப் பார்த்து வருகிறார்கள். அங்கே முதல் விதி, போட்ட பலகைப் பாதையை விட்டு ஓர் அடியும் வெளியே வைக்காதது. புல் முளைக்காத வெளிறிய நிலத்தின் மேற்தட்டு அப்பளம்போல மெல்லியதாக இருக்கலாம். கீழே கொதிக்கிற சேறு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், ஆவி உங்களை விட்டு விலகிப் போகும். கூழ்முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டினுடையது. அது காற்றைவிடக் கனம், பள்ளங்களில் தங்கும். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். ஆகவே மணம் நின்றுவிட்டது என்று பள்ளத்தில் இறங்காதீர்கள். தலையிடி வந்தால் மேட்டுக்கு ஏறுங்கள். ஆஸ்துமாக்காரர் பம்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். நகருக்குள் குயிராவ் பூங்காவில் காசில்லாமல் கால் நனைக்கும் தொட்டிகள் உண்டு. முழங்கை வைத்துப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். வெள்ளிக் கொலுசை அதற்கு முன்பே கழற்றிப் பையில் கட்டிவையுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துப்போகும்.