விருப்ப வரிசையை யார் எழுதுவது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் மாமா, சித்தப்பா, ரியூசன் ஆசிரியர் எல்லோரும் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் கற்கைநெறிகளின் விருப்ப வரிசையை நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பேனையை மாணவரே பிடிக்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உங்கள் இசட் புள்ளிக்கு (பாடங்களை ஒப்பிடக்கூடியதாகக் கணிக்கும் உயர்தரப் புள்ளி) கிடைக்கக்கூடிய கற்கைநெறிகளில் நீங்கள் மேலே எழுதியதைத்தான் தரும். ஆகவே எட்டாது என்று பயந்து உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளாதீர்கள். முதல் விருப்பம் தவறினாலும் அடுத்தது கைவிட்டுப் போகாது.

ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை முழுதாக வாசியுங்கள். மருத்துவம், பொறியியல் தாண்டியும் உலகம் உண்டு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கைதடியில் சித்த மருத்துவம், மருதனார்மடத்தில் இசை, நடனம், கிளிநொச்சியில் விவசாயம். சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்பு அல்லது செய்முறைப் பரீட்சை உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், திகதியைக் குறித்துவையுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையமும் இருக்கிறது.