தூண்டில் ஈயைப் படம் எடுப்பது எப்படி?

மீனை ஏமாற்றப் பூச்சி போலத் தோன்றும்படி, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கையால் கட்டிய தூண்டில் ஈக்கள் பலவும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. அதன் அழகெல்லாம் ஓரங்களில் சிலிர்த்து நிற்கும் மெல்லிய இழைகளில் இருக்கிறது. அவற்றைக் காட்டுவது வெளிச்சம்தான். கேமராவுக்குச் செலவழிப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

முதலில் ஈயை அசையாமல் நிறுத்துங்கள். கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடித்த வைஸ் என்ற பிடிப்பானிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் முள்ளின் வளைவைச் சிறு கிளிப்பால் கவ்வலாம். இறகு நசுங்கியிருந்தால் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். விரல் சுடாமலிருக்க இடுக்கியால் பிடியுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டை போதும். அதை ஈக்கு ஓர் அடி பின்னால் வைத்தால் அதன் சொரசொரப்பு படத்தில் தெரியாது. வெள்ளை அட்டை வைத்தால் கேமரா ஏமாந்து ஈயைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி வெளிச்சம். கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது முள்ளின் உலோகத்திலும் தலையில் பூசிய வார்னிஷிலும் பட்டு வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். மேசை விளக்குக்கும் ஈக்கும் நடுவே டிரேசிங் தாளைப் பிடித்தால் அதே ஒளி மென்மையாகப் பரவும். தாள் பல்பைத் தொடக் கூடாது. விளக்கை மேலிருந்து, கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். எதிர்ப்புறம் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்தினால் நிழல் தெளியும். பின்னாலிருந்து வரும் ஒளி இழைகளின் ஊடே புகுந்ததும், அதுவரை பழுப்புத் திரளாகத் தெரிந்த உடல் இழை இழையாகப் பிரியும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அரை மணி நேரம் விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள், நிறம் கலங்காது.

மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில், ஈயைக் கேமராவின் சென்சாரில் அதன் உண்மை அளவுக்கே பதிவு செய்தால், அபர்ச்சர் எனும் லென்ஸ் துளை எஃப் 8-இல் (எண் கூடினால் துளை சுருங்கும்) இருக்கும்போது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக இருக்கும். அதனால்தான் பக்கவாட்டில், முள் முழுவதும் கேமராவுக்கு இணையாக இருக்கும்படி எடுக்கச் சொல்கிறார்கள். எஃப் 8 முதல் 11 வரை, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 100, முக்காலி, இரண்டு நொடி டைமர். அபர்ச்சரை 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். ஃபோகஸைத் தலைக்குப் பின்னால் இறகு சுற்றிய இடத்தில் கையால் வையுங்கள். தானியங்கி ஃபோகஸ் பின்னணிக்குத் தாவிவிடும்.

கைப்பேசி என்றால் ரொம்ப நெருங்காதீர்கள். அதன் நிழலே ஈயின் மேல் விழும். சற்று விலகி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

படத்தைக் கணினியில் முழு அளவில் திறந்தால், கண்ணுக்குத் தப்பிய நூல் முனை ஒன்று கயிறு போலத் துருத்திக்கொண்டிருக்கும். தூசியை மென்பொருளில் துடைக்கலாம். நூல் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மறுபடி எடுப்பதே நேர்மை.