வெள்ளை அடிக்கும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தால் கீழ் அறையின் புழுக்கமும் ஏசி ஓடும் நேரமும் குறையும். ஆனால் ஈரம் ஊறிய தளத்தின் மேல் அடித்தால் கொப்பளித்து உரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் பணம் போனது.

முதலில் மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். (மரக்கட்டை அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வேண்டாம், பாரம் ஆபத்து.) கீழ் அறையின் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால் தளத்தின் நடுவை உடனே சந்தேகிக்காதீர்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் குழாய் வாயைச் சுற்றிய விரிசலையும் பாருங்கள். பெரும்பாலும் கசிவு அங்கேதான். விரிசலைக் கொத்தி அகலமாக்கி, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்ட் சாந்தால் அடைத்து, மூலையைச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். மேஸ்திரி "தேவையில்லை" என்பார், விடாதீர்கள்.

தளம் நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சு, அதுவும் 2 கை (ஒன்றின் மேல் ஒன்றாக 2 முறை). தமிழகத்தில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் கோடையிலேயே முடித்துவிடுங்கள். அழுக்கேறிய வெள்ளை வெயிலை அவ்வளவாகத் திருப்பாது. ஒவ்வொரு மார்ச்சிலும் தேய்த்துக் கழுவுங்கள்.