கார் டேஷ்போர்டு டிரிமுக்கு வீட்டிலேயே வினைல் ஒட்டுவது எப்படி

கியர் லீவரைச் சுற்றியிருக்கும் பளபளக் கறுப்பு பிளாஸ்டிக் ஷோரூமில் பார்த்த அழகோடு அதிக நாள் நிற்பதில்லை. சாவி, மோதிரம், வாட்டர் வாஷில் அழுக்குத் துணியால் தேய்க்கிற தேய்ப்பு எல்லாம் சேர்ந்து அதைக் கீறிவைத்துவிடும். அந்த டிரிம் துண்டைப் புதிதாக வாங்குவதைவிட மேலே வினைல் என்னும் பசை தடவிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுவது மலிவு. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். வெளிப்பக்க நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டியிருக்கும். உள்பக்கத்துக்கு அந்த அலைச்சல் கிடையாது.

துண்டைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். காரிலேயே வைத்து ஒட்டினால் படலத்தைப் பின்பக்கமாக மடிக்க இடமிருக்காது. வெட்டிய விளிம்பு முன்பக்கத்திலேயே நிற்கும். அதில் கை உரசும், வெயில் படும், பெங்களூருத் தூசி ஏறும். கொஞ்ச நாளில் ஓரம் நாக்கை நீட்டிவிடும். கழற்ற முடியாத துண்டை அப்படியே விட்டுவிடுவது மேல்.

எதை ஒட்டலாம், எதைத் தொடக் கூடாது

ஏர்பேக் இருக்கும் இடம் எதையும் மூடக் கூடாது. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, பயணி பக்க டேஷ்போர்டின் மேல்தட்டு, கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கண்ணாடியோரத் தூண்கள், சில கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கத்து மூடி எல்லாமே இதில் அடங்கும். அந்த மூடிகள் குறித்த கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டவை. மேலே ஒட்டிய படலம் அந்தக் கிழிசலைத் தாமதப்படுத்தலாம், துண்டாகத் தெறிக்கவும் செய்யலாம். ‘எஸ்ஆர்எஸ்’ என்று எழுத்து இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். டேஷ்போர்டின் மேல்பரப்பில் பளபளப்பான படலமும் வேண்டாம். பகலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும்.

அடுத்து பிளாஸ்டிக்கின் வகை. கழற்றிய துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் வார்க்கும்போதே சிறிய எழுத்தில் வகை பொறித்திருக்கும். ஏபிஎஸ், பிசி, அல்லது இரண்டும் கலந்த பிசி கூட்டல் ஏபிஎஸ் என்றிருந்தால் வினைல் நன்றாகப் பிடிக்கும். பளபளக் கறுப்புத் துண்டுகளும் வெள்ளி நிறம் பூசிய துண்டுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். பிபி என்றிருந்தால் அது பாலிபுரொப்பலீன். அதன் பரப்பில் எந்தப் பசையும் எளிதில் ஒட்டாது. தட்டையான இடத்தில் தாக்குப்பிடித்தாலும் வளைவிலும் ஓரத்திலும் எழும்பிவிடும். தோல்போலச் சொரசொரப்பான டேஷ்போர்டு, தொட்டால் மெத்தென்று இருக்கும் ரப்பர் பூச்சு இரண்டையும் விலக்கிவிடுங்கள். சொரசொரப்பில் பசை மேடுகளை மட்டுமே தொடும். ரப்பர் பூச்சில் ஒட்டினால், உரிக்கும் அன்று பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

படலமும் கருவிகளும்

கடையில் கேட்க வேண்டிய வார்த்தை ‘காஸ்ட் வினைல்’, அதாவது திரவமாக ஊற்றி உலரவைத்துச் செய்த படலம். ஏறத்தாழ 80 முதல் 110 மைக்ரான் தடிமன் இருக்கும். 3எம் 2080, ஏவரி டெனிசன் எஸ்டபிள்யூ900, ஓராகால் 970 ஆகியவை இந்த வகை. பின்பக்கப் பசையில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ‘4டி கார்பன்’, ‘5டி கார்பன்’ என்று அடுக்கிவைத்திருக்கும் மலிவுச் சுருள்கள் பெரும்பாலும் உருளையில் அழுத்தி இழுத்துச் செய்த காலண்டர்டு வகை. அவை தடிமனானவை, வளைவில் படியாது. சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், சுருக்கம் கோடையிலேயே ஓரங்களில் தெரிந்துவிடும்.

பெங்களூரில் ஜே.சி. ரோடு ஆக்சஸரி கடைகளில் ரோலிலிருந்து அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். ரோலின் அகலம் 1.52 மீட்டர், அதாவது 5 அடி. ஒரு ஹேட்ச்பேக்கின் டேஷ்போர்டுப் பட்டை, 4 கதவுப் பட்டைகள், கியர் பேனல், 4 ஜன்னல் சுவிட்ச் பேனல்கள் எல்லாவற்றுக்கும், சுற்றிலும் 5 செ.மீ. கூடுதல் விட்டுக் கணக்குப் போட்டால், சுமார் 1.3 சதுர மீட்டர் வரும். அது 1 மீட்டர் நீளத்தில் அடங்கிவிடும் என்றாலும் 1.5 மீட்டர் வாங்குங்கள். ஒரு துண்டாவது கெடும். இன்னொரு காரணமும் உண்டு: பிரஷ்டு உலோகம், மரம் போன்ற வடிவப் படலங்களில் கோடுகள் பெரும்பாலும் ரோலின் நீளவாக்கில் ஓடும். டேஷ்போர்டுப் பட்டையில் கோடு கிடையாக வர வேண்டுமென்றால் அதை நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். 1 மீட்டர் துண்டில் 1.2 மீட்டர் பட்டை எங்கிருந்து வரும்?

கருவிகளில் வெல்வெட் துணி ஓரம் வைத்த ஸ்க்வீஜி (படலத்தைத் தேய்த்துப் படியவைக்கும் தகடு), 30 டிகிரி முனையுள்ள 9 மி.மீ. ஒடிக்கும் பிளேடு கத்தி, சூட்டைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஹீட் கன், குறிபார்த்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், பிளாஸ்டிக் நெம்புகோல் செட், மாஸ்க்கிங் டேப், 3 மைக்ரோஃபைபர் துணி, அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தலைமுடி உலர்த்தும் டிரையரை வைத்துப் படலத்தை இளக்கி வளைக்கலாம். கடைசிச் சூட்டுக்கு அது பற்றாது. பழகிப்பார்க்க ஒரு துண்டு வேண்டுமென்றால் சிவாஜிநகர் குஜரி (பழைய சாமான்) கடைகளில் பழைய கதவு டிரிம் எதையாவது பேரம் பேசி வாங்குங்கள். தெலுங்கோ கன்னடமோ வராவிட்டாலும் கவலையில்லை, அங்கே தமிழிலேயே பேரம் நடக்கும்.

கழற்றுவது

சாவியை எடுத்துவிட்டு, 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். 10 நிமிடம் காத்திருந்து பிறகு வேலையைத் தொடங்குங்கள்; ஏர்பேக் சுற்றில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படும். சில பழைய கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ மறுபடி இயங்க ரகசிய எண் கேட்கும், ஆகவே அந்த எண்ணை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

நெம்புவதற்கு முன் ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கதவுக் கைப்பிடிக் குழியின் சிறு மூடிக்குள், ஆஷ்ட்ரேயின் அடியில், கியர் லீவரைச் சுற்றியிருக்கும் உறையின் கீழே இருக்கும். ஸ்க்ரூவை விட்டுவிட்டு நெம்பினால் கிளிப்பின் கால் ஒடியும். கிளிப் இருக்கும் இடத்துக்கு அருகே கோலை நுழைத்து நேராக இழுங்கள். ஒரு மூலையைப் பிடித்து வளைக்க வேண்டாம். கிளிப் ஒன்றிரண்டு காரின் பக்கமே தங்கிவிடும். அவற்றை எடுத்துத் துண்டில் திரும்ப மாட்டிவிடுங்கள்.

துடைப்பு

தோல்வியில் பெரும்பங்கு இங்கேதான். முக்கிய எதிரி டேஷ்போர்டு பாலிஷ். ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்காமலே பூசி அனுப்புகிறார்களே, அதில் உள்ள சிலிக்கோன் ஒரே துடைப்பில் போகாது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் அழுக்கு இடம்தான் மாறும். இப்படி 3 முறை செய்தபின் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் சிலிக்கோன் இருக்கிறது, அல்லது அது பிபி பிளாஸ்டிக். ஆழமான கீறல்களை 400, அடுத்து 800 நம்பர் தண்ணீர் எமரியால் சமப்படுத்துங்கள். வினைல் நிறத்தைத்தான் மறைக்கும், பள்ளத்தை மறைக்காது. பளபளப்புப் படலமாக இருந்தால் பள்ளம் முன்னைவிட எடுப்பாகவே தெரியும்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் ஏபிஎஸ் பக்கம் வரக் கூடாது.

ஒட்டுவது

வீட்டு ஹாலில் டைனிங் டேபிள் போதும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் வேண்டாம். ஒவ்வொரு கார் நகரும்போதும் தூசி எழும்பும். மின்விசிறியை நிறுத்துங்கள், தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அறை வெப்பம் 20 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் வேலை சுகம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பெங்களூரில் வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் படலம் விறைத்துப் பசையும் மந்தமாகும். அந்த மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

துண்டுக்குக் கீழே ஒரு டப்பாவை வைத்து மேசையிலிருந்து உயர்த்திக்கொண்டால் ஓரங்களைக் கீழே மடிக்கக் கை போகும். படலத்தைச் சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, காகிதத்தை முழுதாக உரித்து, இழுவிசை இல்லாமல் மேலே போர்த்துங்கள். நீளப் பட்டைக்கு இன்னொருவர் கை தேவை. நடுவில் மட்டும் தொட்டு நிறுத்திவிட்டு, ஸ்க்வீஜியை 45 டிகிரி சாய்த்து, நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதி மேலேறும்படி தேய்த்துக்கொண்டு போங்கள். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்காமல் அந்தப் பகுதியைத் தூக்கி, லேசாகச் சூடுகாட்டித் திரும்பப் படியவிடுங்கள். காஸ்ட் படலம் இதை நாலைந்து முறை தாங்கும். அழுத்தித் தேய்த்த சுருக்கம் தழும்பாகவே நிற்கும்.

வளைவுகளில் ஹீட் கன்னை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே, படலத்தை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சூட்டில் அது இளகி இழுத்த இழுப்புக்கு வரும். ஆனால் 10, 15 சதவீதத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதிகம் நீட்டினால் மெட்டாலிக் நிறம் வெளுக்கும், கார்பன் கட்டங்கள் கோணும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படலம் திரும்பிச் சுருங்கப் பார்த்துப் பசையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

குழிகளில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். கப் ஹோல்டர் ஓரம், சுவிட்ச் பேனலின் உள்வாங்கிய பகுதி போன்றவற்றில், முதலில் குழியின் இரு பக்க மேட்டிலும் ஒட்டிவிட்டுப் பிறகு நடுவைக் குழிக்குள் அழுத்தினால் அது பாலம்போட்ட நிலையிலிருந்து வலுக்கட்டாயமாக நீளும். அன்றைக்கு அழகாக உட்காரும். முதல் வெயிலில் மேலெழும். வரிசையை மாற்றுங்கள். முதலில் படலத்தைத் தளர்வாகக் குழிக்குள் இறக்கி அடியில் ஒட்டி, பிறகு சுவர் ஏறி மேட்டுக்கு வாருங்கள். ஆழம் 1 செ.மீ.க்கு மேலிருந்தால் குழியைத் தனித் துண்டாகவும் மேட்டைத் தனித் துண்டாகவும் ஒட்டி, 3 மி.மீ. மேற்படியவிடுவது நேர்மையான வழி. இணைப்பு மூலையில் வருவதால் கண்ணில் படாது.

ஓரங்களைப் பின்பக்கம் 8 முதல் 10 மி.மீ. மடித்து ஒட்டுங்கள், மீதியை வெட்டி எறியுங்கள். வெளிமூலையில் துணி மடிப்பதுபோல அடுக்காமல், மூலையிலிருந்து 2 மி.மீ. விட்டு ஒரு சாய்வெட்டு போட்டால் இரண்டு மடிப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். வெட்டு விளிம்பைத் தொட்டுவிட்டால் நீட்டும்போது முன்பக்கம் வரை கிழிந்து ஓடும். சுவிட்ச் துளைகளில் நடுவிலிருந்து நட்சத்திரமாக வெட்டி, இதழ்களை உள்ளே மடியுங்கள். கத்தி எப்போதும் பின்பக்கத்தில் மட்டுமே. நாலு வெட்டுக்கு ஒரு முறை முனையை ஒடித்துவிடுங்கள். கிளிப் உட்காரும் இடத்திலும் பக்கத்துத் துண்டோடு உரசும் விளிம்பிலும் படலம் இரட்டையாக மடியக் கூடாது. அங்கே இடைவெளியே அரை மி.மீ.தான் இருக்கும், பட்டன் அமுங்காமல் சிக்கிக்கொள்ளும்.

3எம் பிரைமர் 94 என்ற திரவம் ஓரங்களை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க உதவும். அதை மடிப்பில் மட்டும், மெல்லிய ஒரு பூச்சாக, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தடவுங்கள். எளிதில் தீப்பற்றும், ஆகவே நன்றாகக் காயும் வரை ஹீட் கன்னைத் தொடாதீர்கள். முன்பரப்பு முழுக்கப் பூசினால் படலத்தைத் தூக்கித் திரும்ப ஒட்டும் வாய்ப்பு போய்விடும், உரிக்கும்போதும் பசை அப்படியே தங்கும்.

கடைசிச் சூடு

நீட்டிய இடங்களையும் மடிப்புகளையும் ஒருமுறை கூடுதலாகச் சூடாக்கினால்தான் படலம் தன் பழைய வடிவத்தை மறக்கும். காரின் வெளிப்பக்க உலோகத்தில் 95 முதல் 110 டிகிரி வரை போவார்கள். உள்பக்கத்தில் அந்தக் கணக்கு ஆபத்து, ஏனென்றால் ஏபிஎஸ் இளகத் தொடங்குவதே ஏறத்தாழ 100 டிகிரியில். தெர்மாமீட்டர் 90 காட்டியதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். குரோம், கண்ணாடிப் பளபளப்புப் படலங்களில் இந்தத் தெர்மாமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளந்துபாருங்கள்.

பிறகு 24 மணி நேரம் துண்டுகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். எழும்ப வேண்டிய ஓரம் அதற்குள் எழும்பிவிடும். மேசைமேல் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம். சிறு கொப்புளங்களை ஊசியால் சாய்வாகக் குத்திக் காற்றை விரலால் தள்ளுங்கள். கொப்புளத்தின் நடுவே புள்ளி தட்டுப்பட்டால் அது தூசி. தூக்கி எடுத்தால் ஒழியப் போகாது. மாட்டும்போது எல்லா கனெக்டர்களையும் இணைத்த பிறகே பேட்டரியை இணையுங்கள். ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல்கள் நினைவை இழந்திருந்தால், கண்ணாடியை முழுதாக ஏற்றி பட்டனைச் சில வினாடி பிடித்திருந்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஒரு வாரத்துக்கு ஈரத்துணியும் வேண்டாம். பாலிஷ் அதற்குப் பிறகும் வேண்டாம், சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

உரிக்கிற நாள் வந்தால் 60 டிகிரிக்குச் சூடாக்கி, பரப்போடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்துத் துடைத்தால் போதும்.